கனவில் யாரும் வியப்பதில்லை

சினிமாவில் கெட்ட கனவு கண்டவர் விழிக்கும் விதம் நமக்கு மனப்பாடம். திடுக்கிட்டு எழுந்து உட்காருவார். நெற்றியில் வியர்வை, மூச்சிரைப்பு, கைக்கெட்டும் தூரத்தில் தயாராக ஒரு செம்புத் தண்ணீர். கறுப்பு வெள்ளைக் காலத்திலிருந்து இன்றைய ஓடிடி தொடர்கள் வரை இதில் பெரிய மாற்றமில்லை. விஸ்காம் படிக்கும் அக்கா மகள் டீ குடித்துக்கொண்டே இதைத்தான் கேட்டாள்: “நான் ஒரு நாளும் இப்படி எந்திரிச்சதில்லையே மாமா. நீங்க?”

நானும் இல்லை. கெட்ட கனவிலிருந்து விழிப்பவர்கள் பெரும்பாலும் படுத்தது படுத்தபடியேதான் கண்ணைத் திறக்கிறார்கள். நெஞ்சு படபடக்க, இருட்டில் மேலே பார்த்தபடி, இது நம் வீடுதானா என்று சில நொடிகள் யோசிக்கிறார்கள். இதற்கு உடம்பில் ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் சிகாகோவிலிருந்து தொடங்க வேண்டும்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1950களின் தொடக்கத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர், தூக்கத்தில் கண்கள் எப்படி அசைகின்றன என்று பார்க்கத் தன் எட்டு வயது மகனையே படுக்கவைத்தார். கண்ணோரம் மின்முனைகளை ஒட்டிப் பழைய பதிவுக் கருவி ஒன்றோடு இணைத்துவிட்டு, ராத்திரி முழுக்கக் காகிதச் சுருளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் அசையாமல் தூங்கும் நேரத்தில் பேனா முட்கள் தாறுமாறாக ஆடத் தொடங்கின. விழித்துவிட்டானோ என்று போய்ப் பார்த்தால், நல்ல தூக்கம். மூடிய இமைகளுக்குள் விழிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு பெரியவர்களை வைத்துச் சோதித்தார். கண் ஓடும் நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலானவர்கள் கனவு சொன்னார்கள். தன் ஆசிரியர் நதானியேல் க்ளைட்மனோடு சேர்ந்து அவர் இதைச் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய ஆண்டு 1953. ‘ரெம்’ தூக்கம் என்று இன்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். மற்ற நேரத் தூக்கத்திலும் கனவு வரும் என்று பின்னால் தெரிந்தது. ஆனால் காட்சியும் கதையுமாக விரிகிற கனவுக்கு இதுதான் முக்கியமான பொழுது.

ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு ராத்திரியில் நான்கைந்து தடவை இந்தத் தூக்கம் வந்து போகிறது. முதல் தடவை சில நிமிடங்கள்தான். விடியும் நேரத்தில் அரை மணி வரைகூட நீளும். விடிகாலைக் கனவு பலிக்கும் என்பார்கள். பலிக்கிறதோ என்னவோ, நீளமாக இருப்பதாலும் அதிலிருந்து நேராக விழிப்புக்கு வந்துவிடுவதாலும் நினைவில் நிற்பது அதுதான்.

இந்த நேரத்தில் மூளைத்தண்டு ஒரு வேலை செய்கிறது. கண்ணையும் மூச்சையும் விட்டுவிட்டு, கை கால் தசைகளுக்குப் போகும் கட்டளைகளை நிறுத்திவைக்கிறது. பிரான்சின் லியோன் நகரில் மிஷெல் ஜூவே பூனைகளின் மூளைத்தண்டில் குறிப்பிட்ட ஒரு சிறு பகுதியைச் சிதைத்துப் பார்த்தார். அந்தப் பூனைகள் தூக்கம் கலையாமலே எழுந்து, கண்ணுக்குத் தெரியாத இரையின் மேல் பாய்ந்தன. நமக்கு அந்தப் பகுதி ஒழுங்காக இருப்பதால்தான் கனவில் ஓடுகிறவன் கட்டிலிலிருந்து விழுவதில்லை.

“அப்ப எந்திரிச்சு உட்கார்றவங்க யாருமே கிடையாதா?”

உண்டு. குழந்தைகள் சிலர் தூங்கிய ஓரிரு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து வீல் என்று அலறுவார்கள். வியர்த்துக் கொட்டும், கண் திறந்திருக்கும், அம்மாவையே அடையாளம் தெரியாது. இது கனவே வராத, அல்லது மிகக் குறைவாக வருகிற ஆழ்ந்த தூக்கத்தில் நேர்வது. என்ன பார்த்தாய் என்று கேட்டால் சொல்ல ஒரு கதை இருக்காது. காலையில் அந்த ராத்திரியே நினைவிருக்காது. சினிமா செய்தது, அந்தத் தூக்கத்தின் உடம்பையும் இந்தத் தூக்கத்தின் கதையையும் ஒன்றாக ஒட்டியதுதான். இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. கதாநாயகன் படுத்தபடியே கண் விழித்து விட்டத்தைப் பார்த்தால் எந்த இயக்குநர் ஓகே சொல்வார்?

அடுத்த கேள்வி எதிர்பார்த்ததுதான். கிறிஸ்டோபர் நோலனின் ‘இன்செப்ஷன்’. 2010-இல் வந்தது. வெளியே 5 நிமிடம் என்றால் கனவுக்குள் 1 மணி நேரம், கனவுக்குள் கனவு என்றால் இன்னும் பெருகும் என்பது அந்தப் படத்தின் கணக்கு. நோலன் இதைக் காற்றிலிருந்து பிடிக்கவில்லை. கனவு கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து முடிந்துவிடுகிறது என்ற நம்பிக்கைக்கு வயது அதிகம். அதற்குப் பேர்போன சாட்சி அல்ஃபிரெட் மோரி என்ற பிரெஞ்சுக்காரர். 1861-இல் வெளியான தன் நூலில் அவர் எழுதியது இது: பிரெஞ்சுப் புரட்சியின் கொடுங்காலம் கனவில் வருகிறது. கொலைகளைப் பார்க்கிறார், ரோபெஸ்பியரையும் மராவையும் பார்க்கிறார், விசாரிக்கப்படுகிறார், தண்டனை பெறுகிறார், வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள், கில்லட்டின் கத்தி கழுத்தில் இறங்குகிறது. விழித்துப் பார்த்தால் கட்டிலின் தலைப்பக்கச் சட்டம் கழன்று கழுத்தில் விழுந்திருக்கிறது. சட்டம் விழுந்ததற்கும் விழித்ததற்கும் நடுவே இத்தனையும் நடந்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார். ஃப்ராய்டு உட்படப் பலரும் இதை எடுத்து விவாதித்தார்கள்.

1957-இல் வில்லியம் டெமென்ட்டும் க்ளைட்மனும் இதை ஆய்வறையில் வைத்துச் சோதித்தார்கள். கண் ஓடத் தொடங்கி 5 நிமிடத்தில் சிலரை, 15 நிமிடத்தில் சிலரை எழுப்பி, உங்கள் கனவு எவ்வளவு நேரம் ஓடியது, ஐந்தா பதினைந்தா என்று கேட்டார்கள். ஐந்தில் நான்கு தடவைக்கு மேல் பதில் சரியாக இருந்தது. அதாவது கனவு ஏறக்குறைய நம் கடிகாரத்தோடுதான் நடக்கிறது.

இன்னும் நேரடியான சோதனை பின்னால் வந்தது. இது கனவு என்று கனவுக்குள்ளேயே தெரிந்துகொள்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். உடம்பு கட்டுண்டு கிடந்தாலும் கண் கட்டுப்படவில்லை அல்லவா? அதைத் தந்திக் கம்பியாக்கினார் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன். அங்கே 1975-இல் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர், முன்பே பேசிவைத்தபடி கண்ணை இடமும் வலமுமாக அசைத்து, நான் இப்போது கனவில் இருக்கிறேன் என்று வெளியே தகவல் அனுப்பினார். கொஞ்ச காலத்தில் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜ், ஹெர்னின் வேலை தெரியாமலே இதே வழியைக் கண்டார். கனவுக்குள் பத்து நொடி எண்ணச் சொல்லி, தொடக்கத்திலும் முடிவிலும் கண்ணால் குறி காட்டச் சொன்னார். வெளியே ஓடிய கடிகாரத்திலும் ஏறக்குறைய பத்து நொடிதான். நோலனின் பெருக்கல் வாய்ப்பாடு இங்கே உடைந்துபோகிறது.

பிறகு ஒரு கனவில் வருஷங்கள் ஓடுவது எப்படி? சினிமாவில் ஓடுவதைப் போலத்தான். தொட்டிலில் குழந்தை, ஒரு கட், மைதானத்தில் இளைஞன். நடுவில் இருந்த இருபது வருஷத்தை யாரும் படமெடுக்கவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை, ஆனால் போய்விட்டது என்று நம்பிவிட்டோம்.

நோலனுக்கு ஒரு நியாயம் செய்துவிட வேண்டும். அந்தப் படத்தில் வேன் பாலத்திலிருந்து விழும்போது, அதில் தூங்குகிறவர்களின் கனவில் ஓட்டல் தாழ்வாரம் எடையிழந்து மிதக்கும். ஆளைத் தொட்டித் தண்ணீரில் தள்ளினால் கனவு மாளிகையின் ஜன்னல் வழியே வெள்ளம் பாயும். இது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1958-இல் டெமென்ட் இன்னொருவரோடு சேர்ந்து, கனவு காண்கிறவர்கள் மேல் குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துப் பார்த்தார். பத்தில் நான்கு தடவை போல அந்தத் தண்ணீர் மழையாகவோ ஒழுகும் கூரையாகவோ கனவுக்குள் புகுந்தது. மோரியின் கட்டில் சட்டமும் இந்த வகைதான். அவர் கணக்கில் தவறியது நேரத்தை மட்டும்.

இதெல்லாம் அளவுகள். இவற்றில் தப்பு செய்கிற படமும் நல்ல கனவைக் காட்டிவிட முடியும். சினிமா பெரும்பாலும் சறுக்குகிற இடம் வேறு: கனவு எப்படித் தெரியும் என்பதில்.

புகை. மங்கலான ஓரங்கள். மெதுவாக நகரும் உருவங்கள். ராஜ் கபூரின் ‘ஆவாரா’ 1951-இல் ஏறத்தாழ 9 நிமிடக் கனவு ஒன்றைக் காட்டியது. காதலி இருக்குமிடத்தில் மேகம், கதாநாயகன் சிக்கிய இடத்தில் நெருப்பு. அதன் பிறகு நம் ஊர் ஸ்டுடியோக்களில் எத்தனை மூட்டம் புகை போட்டிருப்பார்கள் என்று கணக்கெடுக்க முடியாது. ஆனால் உங்கள் கனவில் எப்போதாவது புகை வந்திருக்கிறதா? கனவு ஓடும்போது மங்கலாக இருப்பதில்லை. மங்குவது விழித்த பிறகு, நினைவில். ரெம் தூக்கத்தில் நினைவைப் பதிக்க உதவும் நாரட்ரினலின் போன்ற வேதிப்பொருள்கள் மூளையில் வற்றிப்போயிருக்கின்றன. அதனால் பல் தேய்க்கப் போவதற்குள் பாதி கரைந்துவிடுகிறது. கேமராமேன்கள் பல காலமாகப் படமெடுத்துக்கொண்டிருந்தது கனவை அல்ல, கனவின் ஞாபகத்தை.

இதைப் பிடித்துக்கொண்டவர் ஹிட்ச்காக். 1945-இல் ‘ஸ்பெல்பவுண்ட்’ படத்தின் கனவுக்கு ஓவியர் சால்வதோர் தாலியை அழைத்துவரச் சொன்னார். மங்கலான திரைக் கனவு மரபை உடைத்து, படத்தின் மற்றப் பகுதிகளைவிடக் கனவு துல்லியமாக இருக்க வேண்டும், நிழல்கள் நீண்டு கத்திபோல் விழ வேண்டும் என்று விரும்பியதாகப் பின்னாளில் சொன்னார். திறந்தவெளியில் நிஜ வெயிலில் எடுக்கவும் ஆசைப்பட்டார். செலவுக்குப் பயந்து ஸ்டுடியோவுக்குள்ளேயே எடுக்கச் சொல்லிவிட்டார்கள். கண்கள் வரைந்த திரைச்சீலைகளும் பெரிய கத்தரிக்கோலும் முகமில்லாத மனிதனுமாக அந்தக் கனவு இன்றும் பார்க்க அழகு. கெட்டது அடுத்தாற்போல் வருகிறது. டாக்டர் அம்மா உட்கார்ந்து ஒவ்வொன்றாக அவிழ்க்கிறார். கையிலிருந்த சின்னச் சக்கரம் என்றால் ரிவால்வர், இறக்கை நிழல் என்றால் இன்ன ஊர் என்று. குறுக்கெழுத்துப் போட்டி முடிந்தது, கொலைகாரன் அகப்பட்டான்.

கதைக்குள் வரும் கனவுக்கு எப்போதும் ஒரு வேலை கொடுத்துவிடுகிறோம். சிலப்பதிகாரத்தில் கோப்பெருந்தேவி காணும் கனவு வரப்போகும் அழிவின் அறிவிப்பு. பஞ்சாங்கத்தின் கனவுப் பலன் பக்கத்தில் பாம்புக்கு ஒரு பலன், யானைக்கு ஒரு பலன். ஹாலிவுட்டில் கனவு தடயம். கனவுகளுக்கு அர்த்தம் தேடிப் பெரிய நூல் எழுதிய ஃப்ராய்டே சினிமாவை நம்பவில்லை. 1925-இல் ஹாலிவுட் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் ஒரு லட்சம் டாலர் தருவதாகச் சொல்லியும் சந்திக்க மறுத்தார். மறு ஆண்டு வெளியான, பாப்ஸ்ட் எடுத்த ‘ஒரு ஆன்மாவின் ரகசியங்கள்’ படத்துக்கு அவருடைய சீடர்கள் ஆலோசகர்களாகப் போனார்கள், அவர் போகவில்லை. நம் கருத்துகளைக் காட்சியாக்க முடியாது என்பது அவர் கட்சி.

“நம்ம டூயட் பாட்டு?” என்றாள். அது கனவே இல்லை, ஆசை. கண் திறந்தபடி, பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி காண்பது. கனவில் ஸ்விட்சர்லாந்துக்குப் போகிறவர்களைவிடப் பழைய வாடகை வீட்டுக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

இது விளையாட்டுக்குச் சொன்னதல்ல. ஆய்வறைகளில் எழுப்பிக் கேட்டுச் சேர்த்த கனவுகளைப் படித்தால், அவற்றின் சாதாரணத்தன்மைதான் முதலில் கண்ணில் படும். தெரிந்த மனிதர்கள், தெரிந்த இடங்கள், பேச்சு, நடை, எதையோ தேடுவது. அதில் எங்கோ ஒரு பொருந்தாத கல். பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்து பெஞ்சில் இப்போதைய ஆபீஸ் மேனேஜர். கேள்வித்தாள் கொடுத்துக்கொண்டு வருகிறவர் செத்துப்போன தாத்தா. ‘தாத்தா, நீங்க எப்படி இங்க?’ என்று நீங்கள் கேட்பதில்லை. உங்கள் கவலையெல்லாம் பேனாவில் மை இல்லையே என்பதுதான்.

கனவின் விசித்திரம் இங்கே இருக்கிறது என்பது என் கட்சி. தாத்தா வந்ததில் அல்ல, நீங்கள் வியக்காததில். சிகாகோவின் ஆலன் ரெக்ட்ஷாஃபன் 1978-இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். கனவு காண்கிற மனம் ஒரே தண்டவாளத்தில் ஓடுகிறது, ஒதுங்கி நின்று ‘இது என்ன?’ என்று கேட்கிற இன்னொரு மனம் அங்கே இல்லை என்பது அதன் சாரம். 1990களில் மூளையின் இரத்த ஓட்டத்தைப் படமெடுத்தவர்களும் இதற்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தார்கள். ரெம் தூக்கத்தில் உணர்ச்சிகளுக்கான பகுதிகள் சூடாக இயங்க, சரிபார்த்தலோடு தொடர்புள்ள நெற்றிப்பக்கப் பகுதிகள் அடங்கிக் கிடந்தன.

சினிமாவுக்கு இது பெரிய சிக்கல். பாத்திரம் தூங்கலாம், பார்வையாளர் விழித்திருக்கிறார். திரையில் தாத்தா வந்தால் அவர் வியந்துவிடுவார். தலைகீழ் வீடுகளையும் பறக்கும் மீன்களையும் குவிப்பதால் அந்த வியப்பு கூடுமே தவிர, கனவு கிட்டாது.

இந்தச் சிக்கலை வெகு காலத்துக்கு முன்பே தொட்டவர் ஒரு சிரிப்பு நடிகர். பஸ்டர் கீட்டனின் ‘ஷெர்லாக் ஜூனியர்’, 1924. கதாநாயகன் தியேட்டர் ஆபரேட்டர். புரொஜெக்டர் பக்கத்திலேயே தூங்கிப்போகிறான். அவன் உருவம் தனியே எழுந்து, கூடத்தின் நடுவே நடந்து, திரைக்குள் ஏறிவிடுகிறது. திரையில் ஓடும் படமோ அவனைச் சட்டை செய்யாமல் கட் ஆகிக்கொண்டே போகிறது. தோட்டத்து பெஞ்சில் உட்காரப் போகிறான், கட், நடுத்தெருவில் விழுகிறான். நடக்கிறான், கட், மலை விளிம்பு. எட்டிப் பார்க்கிறான், கட், சிங்கங்கள். கடற்பாறையிலிருந்து தண்ணீரில் பாய்கிறான், கட், பனிக்குவியலில் தலைகுப்புற. இடம் மாறினாலும் ஆள் ஓர் அங்குலம்கூட நகரக் கூடாது என்பதற்காக நில அளவைக் கருவிகளால் கேமரா தூரத்தை அளந்து எடுத்தார்கள். புகை இல்லை, மங்கல் இல்லை, பட்டப்பகல் வெளிச்சம். எந்தப் படத்திலும் இருக்கிற சாதாரண கட்தான், அதற்குள் ஒரு மனிதனை நிறுத்தியதும் கனவாகிவிட்டது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மற்ற நேரங்களில் கட்டைக் கண்டு நாம் வியப்பதில்லை. அறையிலிருந்து கடற்கரைக்கு, பகலிலிருந்து ராத்திரிக்கு ஒரு நொடியில் தூக்கிப் போட்டாலும், ‘எப்படி இங்கே வந்தோம்?’ என்று கேட்காமல் கூடவே போகிறோம். தியேட்டரில் உட்கார்ந்த யாருக்கும் இந்தப் பாதித் தூக்கம் வாய்த்துவிடுகிறது. அதைப் பயன்படுத்திக்கொள்கிற இயக்குநருக்குப் புகை தேவையில்லை.

ஜப்பானிய இயக்குநர் குரோசவா 1990-இல் ‘கனவுகள்’ எடுத்தார், எட்டுக் கனவுகள். வெயிலடிக்க மழை பெய்தால் நரிகளுக்குக் கல்யாணம் என்பது முதல் கனவு. காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்று சொல்லி வளர்ந்த நமக்கு அது ஒட்டிக்கொள்கிறது. ஆனால் பின்பாதியில் அணு உலைக்கு எதிராகவும் நவீன வாழ்க்கைக்கு எதிராகவும் அவர் பாத்திரங்களைப் பேச வைக்கும்போது கனவு மேடைப் பேச்சாகிவிடுகிறது. என் கணக்கில் எட்டில் ஒன்றுதான் முழுக் கனவு, ‘சுரங்கப்பாதை’. போரிலிருந்து திரும்பும் ஒரு தளபதி சுரங்கப்பாதையைக் கடக்கிறான். பின்னாலேயே பூட்ஸ் சத்தம். நீலம் பாரித்த முகத்தோடு அவனுடைய சிப்பாய் வருகிறான். தான் செத்தது அந்தப் பையனுக்குத் தெரியாது. தூரத்தில் தெரியும் விளக்கைக் காட்டி, அது எங்கள் வீடு, அம்மா காத்திருக்கிறாள் என்கிறான். நீ செத்துவிட்டாய் என்று தளபதி எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆனால் பார்வையாளரையே கனவுக்குள் இழுத்துப் போட்டவர் டேவிட் லின்ச். ‘மல்ஹாலண்ட் டிரைவ்’ தொலைக்காட்சித் தொடருக்கான முதல் பகுதியாக எடுக்கப்பட்டு, சேனலால் நிராகரிக்கப்பட்டு, பிரெஞ்சுப் பணத்தில் முழுப் படமாகி 2001-இல் வந்தது. பெட்டி என்ற பெண் நடிகையாக லாஸ் ஏஞ்சல்ஸில் வந்திறங்குகிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள், வீடு கிடைக்கிறது, முதல் ஆடிஷனிலேயே அசத்துகிறாள். நடிப்பும் வசனமும் கொஞ்சம் மிகையாக இருக்கிறதே என்று தோன்றும். சினிமாதானே என்று விட்டுவிடுவோம். இரண்டு மணி நேரத்துக்கு அருகில் ஒருத்தி படுக்கையிலிருந்து எழுகிறாள். அதே முகம், பெயர் டயான், வாழ்க்கை கசந்துபோனவள். முன்பாதியில் பார்த்த முகங்களெல்லாம் இவள் வாழ்வில் வேறு இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன. ஓர் உணவகத்தில் பரிமாறும் பெண்ணின் சட்டையில் பெயர்ப் பட்டை: பெட்டி. அங்கே பார்த்ததை எடுத்துத்தான் கனவில் தனக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாள். பகலில் கண்ட சில்லறைகளைக் கொண்டு கனவு தன்னைக் கட்டிக்கொள்கிறது என்று ஃப்ராய்டு சொன்னதற்கு இதைவிட நல்ல படவிளக்கம் எனக்குத் தெரியாது. திரும்பப் போட்டுப் பார்த்தால் தொடக்கத்திலேயே, மூச்சுச் சத்தம் கேட்க, கேமரா ஒரு தலையணையில் போய் அமிழ்கிறது. காட்டிவிட்டுத்தான் ஏமாற்றியிருக்கிறார். இப்படித்தான் படிக்க வேண்டும் என்று லின்ச் 2025-இல் சாகும்வரை சொல்லவில்லை. சொல்லாதது நல்லது.

“அப்ப சினிமா கனவுலேர்ந்து எடுத்துக்குது. கனவு சினிமாலேர்ந்து எதுவும் எடுத்துக்காதா?”

எடுத்துக்கொண்டதா என்பது இன்னும் வழக்கில் இருக்கிறது. 1942-இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் கனவில் வண்ணம் தெரிகிறதா என்று கேட்டபோது, பத்தில் ஏழு பேர் அபூர்வமாக அல்லது இல்லவே இல்லை என்றார்கள். கனவு கறுப்பு வெள்ளை என்பது 1950களில் அங்கே படித்தவர்களின் பொதுக் கருத்து. தத்துவப் பேராசிரியர் எரிக் ஷ்விட்ஸ்கெபல் புத்தாயிரத்தின் தொடக்கத்தில் அதே கேள்வியை மாணவர்களிடம் மறுபடி கேட்டார். அப்படிச் சொன்னவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. சினிமாவுக்கு முந்தைய காலத்தில் கனவைப் பற்றி எழுதியவர்களும் பொதுவாகக் கனவுக்கு வண்ணம் இல்லை என்று சொன்னதில்லை. கறுப்பு வெள்ளைத் திரை வந்தது, கனவின் வண்ணம் போனது. வண்ணத் திரை வந்தது, வண்ணம் திரும்பியது. 2008-இல் ஸ்காட்லாந்தில் ஈவா முர்சின் நடத்திய ஆய்விலும், கறுப்பு வெள்ளைத் திரை பார்த்து வளர்ந்த மூத்தவர்களே கறுப்பு வெள்ளைக் கனவுகளை அதிகம் சொன்னார்கள்.

மாறியது கனவா, கனவைப் பற்றிய பேச்சா? ஷ்விட்ஸ்கெபலின் சந்தேகம் பேச்சின் மேல். அவர் இன்னொரு வாய்ப்பையும் சொல்கிறார்: கனவு வண்ணமும் இல்லை, கறுப்பு வெள்ளையும் இல்லை. நாவலில் ஒருத்தி வாசலில் வந்து நிற்கிறாள், எழுதியவர் புடவையின் நிறத்தைச் சொல்லவில்லை. அந்தப் புடவை சிவப்பும் அல்ல, சாம்பலும் அல்ல, நிறமே தீர்மானிக்கப்படாதது. படிக்கிறவருக்கு அது ஒரு குறையாகவும் தெரிவதில்லை. கனவும் அப்படித்தான் என்றால், நாவலாசிரியருக்குப் பிரச்சினை இல்லை. ஒளிப்பதிவாளர்தான் மாட்டிக்கொண்டார். கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தாலும் அந்தப் புடவை சாம்பலின் ஏதோ ஒரு அளவில் பதிந்துதான் ஆகும்.